ஆறு பேர், ஒரே முகவரி

குடும்பத் திட்டத்தில் சேர
ஒரே வீட்டில் இருக்க வேண்டுமாம்.
கப்பலூர் சுங்கச்சாவடி, நாலாம் பாதை,
திருமங்கலம் என்று அடித்தேன்.
மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.
அன்று ராத்திரியிலிருந்து
நாங்கள் ஒரு வீட்டுக்காரர்கள்.

ரெண்டாம் பாதை சிக்கந்தர்,
கணக்குப் பார்க்கும் ஜெபக்கனி,
ஜெனரேட்டர் தவசி,
கேமரா அறையில் கொட்டாவி விடும் கோவர்த்தனன்,
ஆம்புலன்ஸ் ஒச்சப்பன்.
தலைக்கு முப்பது ரூபாய். நான் வசூல்.
ஆப் எனக்கு வைத்த பெயர் குடும்ப நிர்வாகி.
பெற்ற வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி,
யாரும் எனக்கு இந்தப் பட்டம் தந்ததில்லை.

விளம்பரம் கிடையாது. அதுதான் முதல் சுகம்.
முன்னெல்லாம் பாட்டு உச்சிக்கு ஏறும் நேரம் பார்த்து
ஒருத்தி வந்து வீட்டுக்கடன் வேண்டுமா என்பாள்.
இருக்கிற கடன் போதும் தாயி.

இறக்கி வைத்துக்கொள்ளலாம்.
தவசிக்கு எழுமலைக்கு அங்கிட்டு ஊர்;
மலையடிவாரத்தில் பஸ் திரும்பினால்
சிக்னல் செத்துப்போகும், பாட்டு சாகாது.
வரிகள் எழுத்தாகவும் ஓடும்.
பதினேழு வருஷமாய்த் தப்பாய்ப் பாடிவந்த ஒரு வரியைத்
திரையில் பார்த்த சிக்கந்தர்
"என் வரிதான் நல்லாருக்கு" என்று விட்டுவிட்டான்.
பகலில் தூங்குகிறவர்களுக்கு
அரை மணியில் தானாய் நிற்கிற வசதியும் உண்டு.
நான் அதற்கு முன்பே நின்றுவிடுவேன்.

பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பவளுக்குப்
பாட்டு வருகிற வழியே வேறு.
நாமக்கல் முட்டை லாரி ஒரு பல்லவியின் வால்.
சபரிமலை வேன் சரணத்தின் நடுமுதுகு.
கல்யாணக் கார் என்றால் கண்ணாடி அதிர வெறும் அடி.
ஸ்டிக்கர் வந்தபிறகு யாரும் நிற்பதில்லை;
நாலு விநாடி, கட்டை எழும்,
மிச்சப் பாட்டு விருதுநகர் போய்விடும்.

போனை வெளியே நீட்டுவேன்.
'கேட்கிறேன்' என்று வட்டம் சுற்றும்.
சில சமயம் பிடித்துவிடும், முழுசாய்க் கொடுக்கும்.
அப்படிக் கிடைத்த இருநூற்றுப் பதினோரு பாட்டு
ஒரு பட்டியலில் கிடக்கிறது. பெயர் 'சில்லறை'.
சில சமயம் 'மன்னிக்கவும்' என்றுவிடும்.
அந்தப் பாட்டுகள்தான்
விடியும்வரை மண்டைக்குள் சுத்தும்.

டிசம்பரில் ஆப் வருஷக்கணக்கு ஒப்பித்தது.
டீக்கடையில் ஆளாளுக்குத் திரையை நீட்டினோம்.
ஜெபக்கனிக்குக் கீர்த்தனைதான் என்று நினைத்தோம்;
வந்தது கும்மாங்குத்து. முகத்தைப் பொத்திக்கொண்டாள்.
ஒச்சப்பன் மட்டும் காட்டவில்லை.
ஒண்ணாந்தேதி முதல் ஆளாய் முப்பது ரூபாய் தருகிறவர்.
"நான் எங்கப்பா பாட்டுக் கேக்குறேன்."
தவசி பிடுங்கிப் பார்த்தான்.
பார்த்துவிட்டுப் பேசாமல் என்னிடம் தந்தான்.

இந்த ஆண்டு நீங்கள் அதிகம் கேட்டது:
மழைச் சத்தம், தகரக் கூரை, ஒரு மணி நேரம்.
நானூற்று எட்டு முறை.
அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை.

"பின்னாடி படுத்திருக்கவுகளுக்கு
என்ன பாட்டுப் பிடிக்கும்னு நமக்கெப்பிடித் தெரியும்?"
டம்ளரைச் சுழற்றிக்கொண்டே சொன்னார்.
"சைரனுக்கே பாதி உசிரு போயிருது.
இதப் போட்டா கண்ணத் தொறக்குறாங்ய.
ஒரு பிள்ளை, பதினாறு வயசிருக்கும்,
அண்ணே வெளிய மழையான்னுச்சு.
சித்திரை மாசம்.
ஆமாத்தா, கொட்டுதுன்னேன்."

அந்தப் பிள்ளை என்னாச்சு என்று கேட்க
ஜெபக்கனி வாயெடுத்தாள்.
டீக்காரர் பாக்கி கேட்டார்.

ஜனவரியில் ஜெபக்கனிக்குச் சாத்தூர்ப் பக்கம் மாற்றல்.
எப்படித்தான் மோப்பம் பிடித்ததோ,
எல்லோரும் இன்னும் ஒரே வீட்டில்தானா,
நிர்வாகி உறுதி செய்யவும் என்றது.
செய்தேன்.

மூன்றரை மணி. இலவசப் பாதையில்
ஒச்சப்பன் வண்டி பெரியாஸ்பத்திரிக்குப் பறக்கிறது.
போனை நீட்டுகிறேன்.
வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது.
மன்னிக்கவும் என்கிறது.